பொறுக்கினாள் என்றே எழுதுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கல்லூரி முடித்து இரண்டு வருடமாக வங்கித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். கூடவே ஒரு சிற்றிதழுக்காக ஆங்கிலச் சிறுகதைகளை மொழிபெயர்க்கிறேன். இப்போது கையில் இருக்கும் கதையில், இறந்துபோன தாயைப் பற்றி மகள் அவளுடைய பழைய கடிதங்களிலிருந்து தெரிந்துகொள்ளும் இடத்தில் ஒரு வினைச்சொல் வருகிறது. அவசரத்தில் 'க்ளீன்' என்று படித்து, 'சுத்தம் செய்தாள்' என்றே எழுதிவிட்டேன். பொருள் ஒட்டவில்லை. திரும்பப் பார்த்தால் முதல் எழுத்து சி இல்லை, ஜி. அச்சுப்பிழையோ என்றுகூட நினைத்தேன். அகராதியில் 'கதிர் பொறுக்கு', 'சிறிது சிறிதாகச் சேகரி' என்று இரண்டு பொருள் இருக்கிறது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? மினுங்குவதைச் சொல்லும் 'க்ளீம்' இதற்கு உறவா? இப்படி அரிதான சொற்களை மனப்பாடம் செய்வது தேர்வுக்குப் பயன்படுமா? கடைசியாக ஒன்று. 'கடிதங்களிலிருந்து பொறுக்கினாள்' என்று எழுதிப் பார்த்தேன், அசிங்கமாக இருக்கிறது. 'பொறுக்கி' என்ற வசவுதான் ஞாபகம் வருகிறது. கண்ணியமாகத் 'திரட்டினாள்' என்று போட்டுவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன், கும்பகோணம்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. வழக்கமாக சொல் விளக்கம் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை, அதற்கு அகராதி இருக்கிறது. இதற்கு எழுதக் காரணம் உங்கள் கடைசிக் கேள்வி. சரியாகச் சொன்னால், அதில் இருக்கும் 'அசிங்கம்' என்ற சொல். இந்தத் தை மாதம் ஊருக்குப் போய் வந்ததிலிருந்து அந்த விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சின்னச் சின்னக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். அச்சுப்பிழை இல்லை. ஜி, எல், இ, ஏ, என். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'க்ளீன்'தான், ஆனால் இதன் முதல் ஒலி தங்கத்தில் வரும் 'க'. ஈகார ஒலிக்கு இ-யும் ஏ-யும் சேர்ந்து வருவதை மறக்காமலிருக்க ஒரு வழி: கதிருக்கு ஆங்கிலத்தில் 'இயர்', கோதுமைக்கு 'வீட்', இரண்டிலும் அதே இரண்டு எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கதிர், கோதுமை, பொறுக்குதல் மூன்றும் ஒரே வயலில் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'க்ளீம்' உறவு இல்லை, அது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். தேர்வைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

சொல் வந்த வழியைக் கேட்டீர்கள். பழைய பிரெஞ்சில் 'க்ளெனே', அதற்கு முன் பிற்கால லத்தீனில் 'க்ளென்னாரே'. அதற்கும் முன்னே ரோமானியர் வருவதற்கு முன் இன்றைய பிரான்ஸ் பகுதியில், 'கால்' என்ற நாட்டில், இருந்த குடியானவர்கள் பேசிய கெல்டிக் மொழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் கருத்து. லத்தீன் பேசிய ஆட்சி வந்து ஊரையே மாற்றியபோதும், அறுத்த வயலில் குனிந்து பொறுக்குகிறவர்களின் சொல் மட்டும் மாறாமல் அவர்களிடமே இருந்துவிட்டது. 14-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வருகிறது. 'செய்தியைத் துணுக்குத் துணுக்காகச் சேர்ப்பது' என்ற பொருளும் சீக்கிரமே ஒட்டிக்கொண்டது.

இந்தச் சொல் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் வேறொரு சொல் வைத்திருந்தார்கள், பழைய ஆங்கிலத்து 'லெசன்'. அதற்கும் பொருள் பொறுக்குவதுதான். இங்கிலாந்தின் சில பகுதிப் பேச்சுவழக்கில் கதிர் பொறுக்குவதை 'லீஸிங்' என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஜெர்மனில் அதே சொல் இன்றும் 'லேசன்'. அதன் இன்னொரு பொருள் என்ன தெரியுமா? படிப்பது. திராட்சை பறிப்பதற்கும் புத்தகம் படிப்பதற்கும் ஜெர்மானியர்களுக்கு ஒரே வினைச்சொல். லத்தீனிலும் இப்படியே, 'லெகெரே' என்றால் பொறுக்கு, தேர்ந்தெடு, படி. கல்லூரியில் நீங்கள் உட்கார்ந்து கேட்ட லெக்சர், ஓட்டுப் போடும் எலெக்‌ஷன், எல்லாம் அந்த ஒரு வேரிலிருந்து வந்தவை. எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்ப்பதைத்தான் படிப்பது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நாமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது என்றுதானே சொல்கிறோம்.

உங்கள் கதையில் வரும் மகள் தாயின் கடிதங்களைப் படிக்கிறாள். அந்த ஆங்கில எழுத்தாளர் தெரிந்துதான் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். அறுவடை முடிந்துவிட்டது, தாய் போய்விட்டாள், மிச்சம் கிடப்பது சிந்தினது மட்டும். மகள் குனிந்து ஒவ்வொன்றாக எடுக்கிறாள். இதைப் போய்த் 'திரட்டினாள்' என்று எழுதினால் என்ன ஆவது? வெண்ணெயைத் திரட்டலாம். நிதி திரட்டலாம், ஆள் திரட்டலாம். நிறைய இருப்பதை ஒன்றாக்குவதுதான் திரட்டுவது. அவளிடம் என்ன நிறைய இருக்கிறது? நாலு கடிதம். 'சேகரித்தாள்' என்பதும் வேண்டாம், அது தபால்தலைக்கு.

இனி அசிங்கத்துக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊர் தஞ்சாவூர் டெல்டாவில் கடைமடை. தை மாதம் சம்பா அறுவடை. அறுத்தவர்கள் அரி அரியாகப் போட்டுக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிறவர்கள் அதை அள்ளிக் கட்டாகக் கட்டுவார்கள். கடைசிக் கட்டும் தலையில் ஏறி வரப்பைத் தாண்டிக் களத்துக்குப் போகும் வரை நாங்கள் வயலில் கால் வைக்கக் கூடாது. இது யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அம்மா சொல்லுவாள்: "கட்டு கரையேறட்டும்." அதுவரை வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்போம், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், இரண்டு மூன்று கிழவிகளும். எங்களுக்கு முன்னே மைனாக்கள் இறங்கியிருக்கும்.

அப்புறம் இறங்குவோம். அறுத்த தாள் அரை சாண் உயரத்துக்கு ஈட்டி மாதிரி நிற்கும். காலை மேலிருந்து வைத்தால் குத்திவிடும், தாளைப் படுக்கத் தள்ளியபடி தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். வலது கை பொறுக்கும், இடது கை பிடித்துக்கொள்ளும். இடது கைப்பிடி நிறைந்ததும் ஒரு தாளாலேயே சுற்றி முடிந்து மடியில் போட்டுக்கொண்டு அடுத்த பிடி. தண்ணீர் வடிந்து மண் வெடித்திருக்கும் இடங்களில் உதிர்ந்த மணி எல்லாம் வெடிப்புக்குள் இறங்கிக் கிடக்கும். என் விரல் சின்னது என்பதால் அது என் வேலை. சுண்டுவிரலை விட்டு நெம்பி எடுப்பேன். சாயங்காலம் நகக்கண் எல்லாம் மண்ணும் ரத்தமுமாக இருக்கும். ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு படி, நல்ல வயலாக இருந்தால் மூன்று படி. அலசி, அவித்து, குத்தி வடித்தாலும் அந்தச் சோற்றில் வயலின் வாசம் போகாது. எனக்கு அது பிடிக்கும்.

அந்த வருஷம் ஒரு நாள், நாங்கள் கரையேறும்போது வயலுக்குச் சொந்தக்காரரின் காரியக்காரர் எதிரே வந்தார். கூடையைப் பார்த்தார். "கட்டுலேருந்து உருவினியா?" என்றார். அம்மா உள்ளே கைவிட்டு ஒரு பிடிக் கதிரை எடுத்துக் காட்டினாள். அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டிலிருந்து உருவின கதிராக இருந்தால் தாள் ஒரு முழ நீளம் இருக்கும், அடியில் அரிவாள் பட்ட வெட்டு சரிவாகத் தெரியும். பொறுக்கினது அப்படி இருக்காது. கழுத்தில் ஒடிந்தது, மிதிபட்டது, ஒரு பக்கம் மணி உதிர்ந்து மறுபக்கம் மண் அப்பியது. பார்த்த மாத்திரத்தில் தெரியும். அவர் விவசாயம் தெரிந்தவர், அவருக்கும் தெரியும். "பொறுக்கினதுதாங்க, பறிச்சது இல்லீங்க" என்றாள் அம்மா. அவர் கூடையை வாங்கி அப்படியே வரப்போரத்தில் கவிழ்த்துவிட்டு, "பொறுக்கி நாய்ங்க" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அம்மா அழவில்லை. என்னைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னாள், தான் மேற்கே பார்த்து உட்கார்ந்தாள். பொறுக்கினதையே திரும்பப் பொறுக்கினோம். புல்லுக்குள் விழுந்தது லேசில் வரவில்லை. இருட்டிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் விரலால் தடவித் தடவி எடுத்தாள். வீட்டுக்கு வந்து அளந்தபோது கால் படி குறைந்தது.

நீங்கள் 'அசிங்கம்' என்று எழுதினீர்களே தம்பி, அந்தக் காரியக்காரர் வாயிலிருந்து உங்கள் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது அந்த அசிங்கம். அதைச் சொல்லின் மேல் பூசியது அவர். நீங்கள் சொல்லைக் கழுவாமல் தூக்கி எறியச் சொல்கிறீர்கள். நன்றாகப் படித்த பிள்ளை, மொழிபெயர்க்க வந்திருக்கிற பிள்ளை, நீங்கள் அதைச் செய்யலாமா? யோசித்துப் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்குகிறோம், அசிங்கமா? 'பொறுக்கியெடுத்த பத்துப் பேர்' என்றால் உயர்ந்தவர்கள் என்றுதானே பொருள்? என் அப்பா விதைநெல் எடுக்கும்போது "பொறுக்கு மணியாப் பாத்து எடு" என்பார். நல்லதாய், திரண்டதாய், பழுதில்லாததாய் என்று அர்த்தம். வினைச்சொல் இன்றைக்கும் சுத்தமாகத்தான் இருக்கிறது. அந்த வேலையைச் செய்கிற ஆளுக்கு வந்த பெயர் மட்டும் வசவாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே வேலைக்கு நம்மிடம் இன்னொரு சொல்லும் இருக்கிறது. உஞ்சவிருத்தி. வடமொழியில் 'உஞ்சம்' என்றால் அறுத்த நிலத்தில் சிந்திக் கிடக்கும் மணியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. கதிராகப் பொறுக்கினால் அதற்குச் 'சிலம்' என்று தனிப்பெயர். அந்தணருக்கு ஏற்ற பிழைப்புகளில் மிகத் தூயது இது என்று மனுவின் நூல் சொல்கிறது. மகாபாரதத்தில் தருமர் அசுவமேதம் முடித்த நேரத்தில் பாதி உடம்பு பொன்னாக இருக்கும் ஒரு கீரி வருகிறதே, கேட்டிருப்பீர்கள். குருட்சேத்திரத்தில் உஞ்சவிருத்தியில் வாழ்ந்த ஒருவர், பஞ்ச காலத்தில் தானும் மனைவியும் மகனும் மருமகளும் பட்டினி கிடந்து பொறுக்கிய கொஞ்சம் வாற்கோதுமையை மாவாக்கி, அதையும் வந்த விருந்தாளிக்குக் கொடுத்தார்கள். அங்கே சிந்தின மாவில் புரண்டுதான் கீரியின் பாதி உடம்பு பொன்னானது. மீதிப் பாதி தருமருடைய யாகத்தில் புரண்டும் பொன்னாகவில்லை என்று சபையிலேயே சொல்லிவிட்டுப் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை. பின்னாளில் அந்தச் சொல் வயலை விட்டு வீதிக்கு வந்தது. பாடிக்கொண்டே போய் வீட்டு வாசலில் அரிசி பெறுவதற்குப் பெயராகிவிட்டது. தியாகராஜர் அப்படித்தான் வாழ்ந்தார். திருவையாற்றில் ஆராதனை அன்று இன்றும் உஞ்சவிருத்தி நடக்கிறது, நானும் அந்தக் கூட்டத்தோடு நடந்திருக்கிறேன். அந்தப் பாட்டின் முன்னால் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். குனிவது ஒன்று. எடுப்பது ஒன்று. மணி ஒன்று. ஒருவர் குனிந்தால் விரதம், இன்னொருத்தி குனிந்தால் வசவு. இதைச் சொல்லின் குற்றம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் களங்கம் வராமல் போனதற்கு பைபிளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் வருகிறது, வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று. விதவையான ரூத் மாமியார் நகோமியைக் காப்பாற்ற போவாஸின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். அவளுக்காக வேண்டுமென்றே சில அரிகளைச் சிந்திவிடுங்கள் என்று போவாஸ் தன் ஆட்களிடம் சொல்கிறார். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பில் நீங்கள் கேட்ட அதே சொல்தான் இருக்கிறது. தமிழ் பைபிளை எடுத்துப் பாருங்கள், 'பொறுக்கு' என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் கூசவில்லை.

ஆனால் அங்கேயும் கூடையைக் கவிழ்த்த காரியக்காரர்கள் இருந்தார்கள். இங்கிலாந்து ஊர்களில் கடைசிக் கட்டு போகும்வரை வயலில் ஒரே ஒரு கட்டை நிறுத்தி வைப்பார்கள். அது நிற்கிற வரை யாரும் இறங்கக் கூடாது. அதற்குப் 'போலீஸ்காரர்' என்று பெயர். சில ஊர்களில் மாதா கோயில் மணி அடித்த பிறகுதான் இறங்கலாம், சாயங்கால மணிக்குக் கரையேறிவிட வேண்டும். இதைப் படித்தபோது அம்மாவின் "கட்டு கரையேறட்டும்" காதில் கேட்டது. அறுவடைக்குப் பின் ஏழைகள் பொறுக்கப் போனால் அது அத்துமீறல் ஆகாது என்று பிளாக்ஸ்டன் என்ற பெரிய சட்ட அறிஞரே எழுதி வைத்திருந்தார். அப்படி இருந்தும் சஃபோக் மாவட்டத்தில் டிம்வொர்த் என்ற சிற்றூரில், 1787 அறுவடையில், மேரி ஹௌட்டன் என்ற பெண் ஸ்டீல் என்ற விவசாயியின் வயலில் பொறுக்கினாள் என்று வழக்குப் போட்டார்கள். 1788-இல் லண்டனில் தீர்ப்பு. நான்கு நீதிபதிகள். கூல்ட் என்பவர் மட்டும், மோசேயின் சட்டத்தையும் ஊர் வழக்கத்தையும் எடுத்துக் காட்டி, அது ஏழையின் உரிமை என்றார். மற்ற மூன்று பேரும் அப்படி ஓர் உரிமையே கிடையாது, சொத்து என்றால் முழுக்கச் சொந்தக்காரனுடையது என்று சொல்லிவிட்டார்கள்.

டிம்வொர்த்துக்குப் பக்கத்திலேயே கல்ஃபோர்டு. அது கார்ன்வாலிஸ் குடும்பத்தின் ஊர். ஆமாம், நம் பாடப்புத்தகத்தில் வரும் அதே கார்ன்வாலிஸ்தான். அந்த வழக்கு நடந்தபோது அவர் இங்கே கவர்னர் ஜெனரல். ஐந்து வருஷம் கழித்து, 1793-இல், வங்காளத்து நிலத்தை ஜமீன்தார்களுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய பளிங்குச் சிலை இருக்கிறது. அடுத்த முறை போனால் அண்ணாந்து பாருங்கள், நிலத்தில் மற்றவர்களுக்கு இருந்த சின்னச் சின்ன உரிமைகளெல்லாம் இரண்டு கண்டத்திலும் ஒரே காலத்தில் எப்படி அற்றுப்போயின என்பது புரியும். தீர்ப்பு வந்த பிறகும் அந்த ஊர்ப் பெண்கள் அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தின் வயல்களில் கதிர் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857-இல் இதை வரைந்தார், மூன்று பெண்கள். கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்தில் மலை மாதிரி கதிர்ப்போர், வண்டி, குதிரை மேல் மேற்பார்வையாளர். பக்கத்தில் இந்த மூன்று பேர். இரண்டு பேர் நன்றாகக் குனிந்திருக்கிறார்கள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். இடது ஓரத்தில் இருப்பவளின் இடது கை மடங்கி முதுகின் மேல் இருக்கிறது, அதில் ஒரு பிடிக் கதிர். அம்மாவும் நடுநடுவே கையை அப்படி முதுகுக்குக் கொண்டுபோவாள்.

இந்தத் தை மாதம் போனேன் என்றேனே, எங்கள் வயலில் இப்போது அறுவடை இயந்திரம். ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. கதிராக எதுவும் கீழே விழுவதில்லை, மணியாகத்தான் சிந்துகிறது. அதையும் இயந்திரத்தின் பட்டை சேற்றில் அழுத்திவிட்டுப் போய்விடுகிறது. வரப்பில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ரேஷன் அரிசி வந்த பிறகு யாருக்கும் இப்படிப் பொறுக்க வேண்டிய தேவை இல்லை, அது மிக நல்ல விஷயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நான் சும்மா இறங்கிப் பார்த்தேன். பழக்கத்தில் காலைத் தேய்த்து வைத்துத்தான் நடந்தேன். ஒரு வெடிப்புக்குள் நாலைந்து மணி தெரிந்தது. என் விரல் இப்போது உள்ளே போகவில்லை.

சரி, உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். 'தாயின் கடிதங்களிலிருந்து அவளால் முடிந்ததைப் பொறுக்கிக்கொண்டாள்' என்று எழுதுங்கள். 'பொறுக்கினாள்' என்பதைவிடப் 'பொறுக்கிக்கொண்டாள்' இன்னும் பொருத்தமாக இருக்கும், தனக்காக எடுத்துக்கொண்டாள் என்பதும் அதில் வந்துவிடும். ஆசிரியர் குழுவில் யாராவது மாற்றச் சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். இதழ் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அக்கா